ஊழ் என்று யார் சொல்லலாம்?

வடசென்னையில் பேசின் பிரிட்ஜ், புளியந்தோப்பு, வியாசர்பாடிப் பக்கம் ஒரு முதியவரிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று செவிலியர் கேட்டால், அநேகமாக வரக்கூடிய பதில் "ஒன்னும் இல்ல சிஸ்டரு, வயசாயிடுச்சு" என்பதுதான். சொல்பவர் ரயில்வே யார்டில் உழைத்து ஓய்ந்தவராக இருக்கலாம். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவராக இருக்கலாம். காசிமேட்டிலிருந்து மீன் கூடையைத் தலையில் ஏற்றித் தெருத்தெருவாக விற்ற ஆயாவாகவும் இருக்கலாம். யார் சொன்னாலும் அந்தச் சிறு வாக்கியத்துக்குள் இரண்டு கூற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று செய்தி: எனக்குப் பெரிதாக எதுவும் இல்லை. மற்றது தத்துவம்: இருப்பது ஏதாவது இருந்தால் அது வயதின் இயல்பு, தலையெழுத்து, அதற்கு யாரும் எதுவும் செய்வதற்கில்லை. முதற்கூற்றைச் சோதித்துப் பார்க்கலாம். இரண்டாவதைச் சோதிக்க எந்தக் கருவியும் கிடையாது. ஆனால் அன்றாட வாழ்வில் இரண்டாவது கூற்று முதலாவதை மூடிவிடுகிறது. விதி என்ற சொல் விழுந்த இடத்தில் கேள்வி நின்றுவிடுகிறது. ஊழை ஒப்புக்கொள்வது பண்பா, பிழையா என்று நம் சமயங்கள் நெடுங்காலமாக வாதிட்டிருக்கின்றன. அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்தச் சொல்லைச் சொல்லும் உரிமை யாருக்கு, எப்போது வருகிறது? இதயம் மெல்ல மெல்லத் தளர்ந்துவரும் ஒரு முதியவரைச் செவிலியர் மதிப்பிடும் நேரம், இந்தக் கேள்வியை உரசிப் பார்க்கத் தகுந்த இடம்.

இதயச் செயலிழப்பு என்ற பெயர் ஏதோ ஒரு நொடியில் நின்றுபோகும் இதயத்தை நினைவூட்டும். உண்மையில் அது ஆண்டுக்கணக்கில் நீளும் நோய். இதயத் தசை பலவீனமாகிறது, அல்லது விறைத்துப்போகிறது. உடலுக்குத் தேவையான அளவு இரத்தம் போய்ச் சேராதபோது, சிறுநீரகம் அதை நீர்க்குறைவு என்று தவறாக எடுத்துக்கொண்டு உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. அந்த நீர் கணுக்காலில் வீக்கமாகவும், வயிற்றில் உப்புசமாகவும், நுரையீரலில் மூச்சுத்திணறலாகவும் வெளிப்படுகிறது. 2013-ல் திருவனந்தபுரம் மாவட்டத்து மருத்துவமனைகளில் இந்த நோயோடு சேர்ந்த 1,205 பேரைப் பதிவுசெய்து தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களின் சராசரி வயது சுமார் 61. மேலைநாட்டு நோயாளிகளைவிட ஏறத்தாழப் பத்து ஆண்டு இளையவர்கள். ஐந்து ஆண்டுகளுக்குள் ஐந்தில் மூவர் இறந்துபோனார்கள். ஆக, நோய் கொடியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது ஒரே வேகத்தில் சரிவதில்லை. சில வாரம் சமநிலை, பிறகு சட்டென்று ஓர் இறக்கம், மருந்து கொடுத்தால் மீண்டும் ஓரளவு சமநிலை என்று படிப்படியாகப் போகிறது. பெரும்பாலான இறக்கங்களுக்கு முன்னறிகுறி உண்டு. மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை கூடினால் அது கொழுப்பாக இருக்க வழியில்லை, நீர்தான். மருத்துவமனையில் சேர்க்கும் நாளுக்கு ஒரு வாரத்துக்கு முன்பே பலருக்கு எடை ஏறத் தொடங்கிவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த ஒரு வாரத்தில்தான் "ஒன்னும் இல்ல, வயசாயிடுச்சு" என்ற பதிலும் வருகிறது.

இங்கே பெரியவர் பொய் சொல்கிறாரா? இல்லை. பிறகு எப்படி உண்மையான ஒரு சொல் உண்மையை மறைக்கிறது? இதற்கு விடை தேட, எது அறிவு என்று அளந்த நம் பழைய நூல்களிடமே போகலாம். மணிமேகலை, சமயக்கணக்கர்களின் வாதங்களை அடுக்கும்போது, அறிவைப் பெறும் வழிகளான அளவைகளை வரிசைப்படுத்துகிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் தன் வாதத்தையே அளவையில் தொடங்கி, பலவாக எண்ணப்படும் அளவைகளைக் காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறது. காட்சியிலும் அது ஒரு வகையைத் தனியே பிரிக்கிறது: ஒருவர் தன் இன்பதுன்பத்தைத் தானே நேராக உணரும் தன்வேதனைக் காட்சி. நோயாளியின் வலி இந்த வகையைச் சேர்ந்தது. எனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், அதை மறுக்கும் அதிகாரம் வேறு யாருக்கும் இல்லை. மூச்சு முட்டவில்லை என்று ஒருவர் சொன்னால், அந்தக் கணத்தில் அவருக்கு மூச்சு முட்டவில்லை என்பதும் உறுதி. ஆனால் நோய் முற்றுகிறது என்பது அந்தக் கணத்தில் உணரப்படும் பொருளே இல்லை. அது நேற்றையும் இன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் செய்யும் முடிவு. காட்சிக்கு எட்டாது, கருதலுக்கே எட்டும். கருதலுக்கு நினைவு வேண்டும், குறிப்பு வேண்டும், ஒப்பிட இன்னொரு நாள் வேண்டும். தன்வேதனைக் காட்சியில் பிழையே இல்லாத மனிதர்கூட, தன் நோய் எந்தத் திசையில் போகிறது என்பதில் முழுக்கப் பிழைபடலாம்.

பிழைபடுவதற்கு வலுவான காரணமும் இருக்கிறது. இதயம் தளரும்போது மனிதர் தன் மூச்சுக்கேற்ப வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்கிறார். குடியிருப்பின் மூன்றாம் மாடியிலிருந்து தினமும் இறங்கி டீக்கடைக்குப் போனவர், வாரத்துக்கு இரண்டு நாள் போகிறார். பிறகு பேரனை அனுப்பி வாங்கிவரச் சொல்கிறார். ரயில் நிலைய நடைமேம்பாலத்தை ஏறிக் கடந்தவர், பஸ்ஸில் சுற்றிக்கொண்டு போகிறார். படுத்தால் திணறுகிறது என்பதால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகுகிறார். இவ்வளவுக்கும் பிறகு மூச்சு வாங்குகிறதா என்று கேட்டால், இல்லை என்பதே நேர்மையான பதில். ஏனென்றால் மூச்சு வாங்கவைக்கும் வேலை ஒன்றையும் அவர் இப்போது செய்வதில்லை. நியூயார்க் இதயச் சங்கம் 1928-ல் வகுத்து இன்றும் உலகம் முழுதும் வழங்கும் நான்கு படிநிலைகள் இதை உணர்ந்தவை. எவ்வளவு மூச்சுத்திணறல் என்பதை அவை தனியே கேட்பதில்லை; எந்த அளவு வேலைக்கு எந்த அளவு திணறல் என்று கேட்கின்றன. வேலையைச் சொல்லாமல் மூச்சைச் சொன்னால் அந்த வாக்குமூலத்தில் பாதிதான் இருக்கிறது.

ஆகவே உரை என்ற அளவை, நோயாளியின் வாயில் தயாராக இருந்து கேட்டவுடன் வந்து விழுவதில்லை. கேள்வியே அதை உண்டாக்குகிறது. இதைப் பழைய மரபுகள் நன்றாகவே அறிந்திருந்தன. திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளின் கூட்டாக வைக்கிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து கொடுப்பவர். சரக சம்ஹிதையும் அதே நான்கைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு குணங்களை வகுக்கிறது. நல்ல நோயாளிக்குரிய குணங்களில் ஒன்று, தன் நோயை எடுத்துச் சொல்லத் தெரிந்திருப்பது. பௌத்தத்தின் வினயநூலில், மகாவக்கத்தின் எட்டாம் பகுதியில், வயிற்றுக்கடுப்பால் தன் கழிவிலேயே கிடந்த ஒரு பிக்குவைப் புத்தரும் ஆனந்தரும் கழுவித் தூக்கிப் படுக்கவைத்த நிகழ்ச்சி வருகிறது. தனக்குத் தொண்டு செய்ய விரும்புவோர் நோயுற்றவருக்குத் தொண்டு செய்யட்டும் என்று புத்தர் சொன்னது அங்கேதான். அதோடு அவர் நிறுத்தவில்லை. பராமரிக்க எளிய நோயாளி யார் என்றும் வரையறுக்கிறார்: நோய் ஏறும்போது ஏறுகிறது என்றும், தணியும்போது தணிகிறது என்றும், நிற்கும்போது நிற்கிறது என்றும் உள்ளபடி சொல்பவர். இருக்கிறதா இல்லையா என்பதைவிட, எந்தப் பக்கம் போகிறது என்பதைச் சொல்லவேண்டும் என்று அன்றே கேட்டிருக்கிறார்கள். உள்ளபடி சொல்லாத நோயாளியைப் பராமரிப்பது கடினம் என்றும் அந்நூல் ஒப்புக்கொள்கிறது. ஆனால் கடினம் என்பதைக் கைவிடுவதற்குக் காரணமாக அது வைக்கவில்லை. பராமரிப்பவருக்குரிய தகுதிகளைத் தொடர்ந்து அடுக்குகிறது.

அந்தத் தகுதிகளின் நவீன வடிவமே செவிலிய மதிப்பீடு. 1859-ல் எழுதிய செவிலியக் குறிப்புகளில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் நோயாளியைக் கவனிப்பது பற்றித் தனி அத்தியாயமே வைத்து, விடையைத் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டு கேட்கும் கேள்விகளைக் கடுமையாகச் சாடினார். நல்லா தூங்கினீங்களா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். எத்தனை மணிக்கு விழிப்பு வந்தது, எழுந்து உட்கார்ந்தீர்களா என்று கேட்டால் கதையே வேறு. நம் சித்த மருத்துவம் வகுத்த எண்வகைத் தேர்வில் நாடி, தொடுதல், நா, நிறம், விழி முதலியவற்றோடு மொழியும் ஒன்று: நோயாளி சொல்லும் பொருளைப் போலவே அவர் சொல்லும் விதமும் சான்று. "ஒன்னும் இல்ல" என்ற இரண்டு சொல்லுக்கு நடுவே ஒருவர் மூச்சு எடுக்கிறார் என்றால், சொல் ஒன்றைச் சொல்கிறது, குரல் இன்னொன்றைச் சொல்கிறது. வடசென்னையில் கேட்கவேண்டிய கேள்விகளும் இந்தப் பகுதிக்கே உரியவை. எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று பாடநூல் கேட்கச் சொல்லும். ஒற்றை அறையில் பாய் விரித்துப் படுப்பவரிடம் அந்தக் கேள்விக்குப் பொருள் இல்லை. படுத்துத் தூங்கினீர்களா, சாய்ந்தா என்று கேட்கவேண்டும். போன பொங்கலுக்கு எந்த மாடிவரை நிற்காமல் ஏறினீர்கள், இப்போது எங்கே நிற்கிறீர்கள்? செருப்பு மாட்டக் குனிந்தால் திணறுகிறதா? நீர் மாத்திரையை எந்த நாளில் போடாமல் விடுகிறீர்கள்? பல குடும்பத்துக்கு ஒரே கழிவறை என்றால், வெளியே போகும் நாளில் சிறுநீரைப் பெருக்கும் அந்த மாத்திரையை விட்டுவிடுவது அவருக்கு முழுக்க நியாயமான முடிவு. முட்டிவலிக்கு மருந்துக்கடையில் தானே மாத்திரை வாங்கினாரா? அத்தகைய வலிமாத்திரைகள் பல, உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, இதயத்தின் சுமையைக் கூட்டும். சோற்றுக்குக் கருவாடா, ஊறுகாயா? பிறகு கணுக்காலில் விரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்க்கவேண்டும், எடையை எழுதவேண்டும். சோர்வு, பசியின்மை, திடீர்க் குழப்பம் ஆகியவையும் முதியவர்களில் இந்த நோயின் முகங்களே. இவற்றையெல்லாம் கேட்டு, பார்த்து, எழுதிய பிறகு "வயசாயிடுச்சு" என்பது ஒரு முடிவாக நிற்கலாம். அதற்கு முன்னால் அது முடிவில்லை, கேள்வியைத் தவிர்க்கும் வழி.

இதற்கு எதிரான வாதங்களில் வலுவானது சமயத்திலிருந்து வருவது. பிராரத்த வினை, அதாவது இப்பிறப்பில் பலன் தரத் தொடங்கிவிட்ட முன்வினை, நுகர்ந்தே தீரவேண்டியது என்று சைவம் சொல்கிறது. உடல் நோவும் அதில் அடங்கும். அப்படியிருக்க, அமைதியாக ஏற்றுக்கொண்டவரைக் கிளறுவது எதற்கு? வினைக்கொள்கையை நான் இங்கே மறுக்கப்போவதில்லை. அது சரி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும், மூச்சுத்திணறல் வினைப்பயன் என்றால், அந்த நேரத்தில் ஒரு செவிலியர் கதவைத் தட்டியதும் வினைப்பயன். நீர் மாத்திரை ஒரு மணிநேரத்தில் வேலைசெய்யத் தொடங்குவதும் வினைப்பயன். நடந்தது எதுவாயினும் அதோடு பொருந்திப்போகும் ஒரு கொள்கை, இனி இதைச் செய், இதைச் செய்யாதே என்று வழிகாட்ட முடியாது. வினை நிகழ்ந்ததற்குப் பொருள் தரலாம். செய்யாமல் விடுவதற்கு அனுமதி தராது. வள்ளுவரும் இந்த இரண்டையும் கலக்கவில்லை. ஊழின் வலிமையை ஓர் அதிகாரம் முழுதும் பாடி அறத்துப்பாலை முடித்தவர், பொருட்பாலில் ஆள்வினையுடைமை என்று இன்னோர் அதிகாரம் வைத்து, தளராது முயல்பவர் ஊழையும் புறங்காட்டச் செய்வார் என்கிறார். இதை முரண்பாடு என்று நினைப்பவர்கள் இரு அதிகாரங்களும் ஒரே ஆளிடம் பேசுவதாகக் கருதுகிறார்கள். இழப்பை நிமிர்ந்து நின்று தாங்கவேண்டியவருக்கு ஒன்று, செயலாற்றும் பொறுப்புள்ளவருக்கு மற்றது என்று படித்தால் முரண் தீர்ந்துபோகிறது. படுத்திருப்பவர் தன் வாயால் ஊழ் என்று சொன்னால் அது துணிவாக இருக்கலாம். அவர் பக்கத்தில் நிற்பவர் அதே சொல்லைச் சொன்னால், அதற்குக் கடமை தவறியது என்று பெயர்.

வினை என்று சொல்லும்போது யாருடைய வினை என்றும் கேட்கவேண்டியிருக்கிறது. பேசின் பிரிட்ஜில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே நிலக்கரி எரித்து மின்சாரம் எடுத்தார்கள். வடக்கே போனால் 2017 வரை இயங்கிய எண்ணூரின் அனல்மின் நிலையம், அத்திப்பட்டின் புகைபோக்கிகள், மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, கொடுங்கையூர்க் குப்பைமேடு, நாள்முழுதும் துறைமுகத்துக்கு வரிசைகட்டும் கண்டெய்னர் லாரிகள். காற்றில் மிதக்கும் நுண்துகள்களுக்கும் இதயநோய்க்கும் உள்ள உறவு வெறும் தற்செயல் இல்லை, காரணகாரிய உறவு என்று அமெரிக்க இதயச் சங்கம் 2010-லேயே அறிவித்தது. குறிப்பிட்ட ஒரு முதியவரின் இதயம் இதனால்தான் தளர்ந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஐம்பது ஆண்டு இந்தக் காற்றை மூச்சிழுத்தவரின் மூச்சுத்திணறலை அவருடைய முற்பிறப்பில் கொண்டுபோய்க் கட்டுவது, இப்பிறப்பில் மற்றவர்கள் செய்த வினையைக் கணக்கிலிருந்து அழித்துவிடுகிறது. நகரம் முழுவதும் மின்விளக்கு ஏற்றிக்கொண்டது. கரி வடசென்னையில் விழுந்தது. ஸ்டான்லி மருத்துவமனையை இந்தப் பக்கத்து மூத்தவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வதுண்டு. 1780-களின் பஞ்சத்தில் பசியோடு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. பஞ்சத்தையும் அன்று விதி என்று சொல்லியிருப்பார்கள். சொன்னவர்கள் சொல்லிக்கொண்டிருக்க, யாரோ கஞ்சி காய்ச்சினார்கள். இன்று அங்கே மருத்துவமனை நிற்கிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் நுட்பமானது. பெரியவருக்குத் தன் வாழ்வைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை இருக்கிறது; எழுபத்தைந்து, எண்பது வயதில் ஊசியும் குழாயும் வேண்டாம் என்று அவர் நினைத்தால், அவர் சொல்லை நம்பாமல் தோண்டுவது அவமதிப்பு ஆகாதா? மருத்துவம் முதுமையையே நோயாக மாற்றிவிட்டது என்ற குற்றச்சாட்டிலும் நியாயம் இருக்கிறது. மேலே சொன்ன திருவனந்தபுரத்துக் கணக்கு, இந்த நோயில் மருந்து தணிக்குமே தவிர எல்லோரையும் காக்காது என்றுதான் காட்டுகிறது. ஒரு கட்டத்தில் போதும் என்று சொல்வது அறிவுடைமை. ஆனால் போதும் என்பதற்கும் சோர்ந்துபோனதற்கும் வேறுபாடு உண்டு. இதய நோயில் அந்த வேறுபாடு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. போதிய இரத்தம் போகாத உடலில் அசதி கவிகிறது, எதிலும் விருப்பம் அற்றுப்போகிறது, மனச்சோர்வும் சேர்ந்துகொள்கிறது. விரக்தி வைராக்கியத்தின் வேடத்தில் வந்து நிற்கிறது. பல இரவு சரியாகத் தூங்காதவர் இனி எதற்கு என்று கேட்டால், கேட்பது அவர்தானா, அவருடைய நுரையீரலில் தேங்கிய நீரா? இதைப் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. முதலில் நீரை இறக்குங்கள். ஓர் இரவு அவர் படுத்துத் தூங்கட்டும். பசித்துச் சாப்பிடட்டும். பிறகு கேளுங்கள். அப்போதும் அவர் போதும் என்றால் அது அவருடைய சொல்; அதன் முன் மருத்துவம் வணங்கி விலகவேண்டும், வலிதணிப்புப் பராமரிப்பை மட்டும் கையில் வைத்துக்கொள்ளவேண்டும். மதிப்பீடு அவருடைய உரிமையைப் பறிப்பதில்லை. அந்த உரிமையைப் பயன்படுத்தும் நிலைக்கு அவரைத் திரும்பக் கொண்டுவருகிறது.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது: கூட்டம் நெரியும் அரசு மருத்துவமனை வார்டில், ஒரு செவிலியர் இத்தனை கேள்வி கேட்க நேரம் எங்கே? இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. இயலாததைச் செய்யாததற்கு ஒருவரைக் குற்றம் சொல்வது அறமாகாது. ஆனால் இந்த மறுப்பு கடமையை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. தனி ஒரு செவிலியரின் தோளிலிருந்து ஊரின் தோளுக்கு. தமிழகத்தில் அதற்கான சட்டகம் ஓரளவு இருக்கவே செய்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுதேடிப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். வலிதணிப்புச் செவிலியர்களும் இயன்முறை மருத்துவர்களும் படுக்கையில் இருப்பவர்களைத் தேடிப் போகிறார்கள். அதே வாசலில் ஓர் எடைமானியும், கணுக்காலில் ஒரு விரலும், போன மாதம் எந்த மாடி, இந்த மாதம் எந்த மாடி என்ற கேள்வியும் கூடுதலாகக் கேட்பது சில நிமிடங்கள்தான். மாதந்தோறும் அதே வீட்டுக்கு வருபவரிடம், வார்டில் நிற்கும் நிபுணரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: ஒப்பிடுவதற்கு முந்தைய நாள். முற்றுகிறது என்ற அறிவு ஒப்பீட்டில்தான் பிறக்கிறது என்றால், அதைப் பெறக்கூடிய முதல் ஆள் அவர்தான்.

எனவே ஊழ் என்ற சொல்லுக்குரிய இடத்தைச் சுருக்கவேண்டியதில்லை, முறைப்படுத்தினால் போதும். அதை முதலில் சொல்லக்கூடாதவர், பார்க்கவும் கேட்கவும் பொறுப்புள்ளவர்: செவிலியர், மருத்துவர், மகன், மகள், மாநகராட்சி. அவர்கள் வரிசையில் அது கடைசிச் சொல்லாக வரலாம். கேட்கவேண்டியதைக் கேட்டு, செய்யக்கூடியதைச் செய்து முடித்த பிறகு மிஞ்சுவதற்கான பெயராக. நோயுற்றவர் எப்போது வேண்டுமானாலும் அதைச் சொல்லலாம், ஆனால் கேட்பவர் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு எழுந்து போகக்கூடாது. "வயசாயிடுச்சு" என்று அவர் சொன்னால், "சரிங்க ஐயா, இருக்கட்டும். நேத்து ராத்திரி படுத்துத் தூங்குனீங்களா, உக்காந்தா?" என்று அடுத்த கேள்வி தொடரவேண்டும். விதியை நம்புகிற சிஸ்டரும் நம்பாத சிஸ்டரும் இதைக் கேட்கலாம். கேட்காமல் விட்டதற்கு மட்டும் இருவருக்குமே விதி சாட்சி சொல்லாது.